மருந்து பூசாத பிளக்

என் ஆட்டோவின் ஸ்பார்க் பிளக்கில் இனி யாரும் மருந்து பூசக் கூடாது என்று நான் சொன்ன அன்று, நோட்டன் பிரிட்ஜ் ஆட்டோ ஸ்டாண்டே சிரித்தது. சிரிக்கட்டும். ஓட்டுவது நான்.

மருந்து என்றால் வெள்ளி நிறத்தில் ஒரு பசை. திருகுப் புரியில் பூசிப் பூட்டினால் துருவேறி இறுகாது என்பார்கள். மழையும் பனியும் விடாத எங்கள் ஊரில் துருப் பிடிக்காதது ஆம்பிளைகளின் வாய் மட்டும்தான். அதனால் மெக்கானிக் விஜி பாஸ் நட்டு, போல்ட்டு, பிளக்கு எதையும் விடமாட்டார். பிள்ளைக்கு எண்ணெய் வைப்பது போல வழிய வழியப் பூசுவார். பூசினால் வழுக்குமே, கையை அடக்குவோம் என்று மட்டும் அவருக்குத் தோன்றாது. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, புரி பிய்கிற அளவுக்குத் தொங்கி இறுக்குவார்.

போன வருஷம் என் வண்டியிலும் தொங்கினார். மறுவாரம், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மேடு ஏறுகையில் வெடி போட்ட மாதிரி சத்தம். பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எஞ்சின் ஹெட்டின் அலுமினியப் புரி அதைச் சுற்றிச் சுருளாக ஒட்டியிருந்தது. பிள்ளைகள் அழுதார்கள். விஜி பாஸோ கத்தாரில் இருக்கும் என் வீட்டுக்காரர் நிரஞ்சனுக்குப் போன் போட்டு, "தங்கச்சி மேட்டுல முறுக்கி ஓட்டுது தம்பி, வண்டி தாங்குமா?" என்றார். பழி என் தலையில் விழுந்தது.

ஹட்டனுக்குக் கொண்டுபோய் ஹெட்டுக்குப் புதுப் புரி போட்டு வந்தேன். புது பிளக்கைக் கையில் எடுத்ததும் பாஸ் மறுபடி மருந்து டப்பாவோடு வந்தார்.

"வேணாண்ணே. நானே பூட்டிக்கிறேன்."

பாஸ் உடனே வீடியோ கோல் போட்டு வீட்டுக்காரரை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கிருஷாந்தி, பாஸ் சொல்றத கேளு. பிளக் இறுகிப் போச்சுன்னா ஹெட்டே போயிரும்."

"இறுகாதுங்க. பிளக்குலயே பூச்சு பூசித்தான் வருது. இதுக்கு மேல மருந்து வேணாம்."

"சரி. தீபாவளிக்கு வந்து நானே கழட்டிப் பாக்குறேன். கழண்டு வரலேன்னா வண்டிய செல்லசாமிக்குக் குடுத்துட்டு நீ வீட்டுல இரு."

செல்லசாமி அதே ஸ்டாண்டில் ஓட்டுகிறவன். அப்போதே என் சீட்டைத் தடவிப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி போனால் எனக்கு மிச்சம் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையும் அடுப்பும்தான். அதற்கு நான் ஆளில்லை.

எஞ்சினை ஆறவிட்டேன். புரியைத் துணியால் துடைத்தேன். பிளக்கை முட்டும்வரை விரலாலேயே திருகி, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று. அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழை பேய்த்தனமாகப் பெய்தது. ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. பார்க்கவில்லை. பார்த்தால் நானே என்னை நம்பாத மாதிரி ஆகிவிடும்.

தீபாவளிக்கு வந்த வீட்டுக்காரர் நேரே ஸ்டாண்டுக்கு வந்தார். எல்லோரும் கூடினார்கள். ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். அசையவில்லை. பாஸ் தொண்டையைச் செருமினார். செல்லசாமி பல்லைக் காட்டினான். குனிந்து பார்த்தேன்.

"நிறுத்துங்க! இறுக்குறீங்க. அந்தப் பக்கம் திருப்புங்க."

இப்போது சிரிப்பு வேறு பக்கம் கேட்டது. அவர் முகம் சிவக்க மறுபக்கம் திருப்பினார். டக்கென்று விட்டது. மீதியை விரலாலேயே கழற்றினார். புரி பளபளவென்று இருந்தது.

பிளக்கைத் திரும்பப் பூட்டக் குனிந்தார். பாஸ் பழக்க தோஷத்தில் டப்பாவை நீட்டினார். இவர் கையும் அதை நோக்கிப் போனது. நான் பிளக் ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

"தள்ளுங்க. நான் பூட்டுறேன்."

பூட்டினேன். நிமிர்ந்தபோது அவர் முன் சீட்டில் உட்கார்ந்து, "சாவி எங்க?" என்று கை நீட்டினார்.

"எங்கிட்டத்தான். நீங்க பின்னால ஏறுங்க, வீட்டுல கொண்டுபோய் விடுறேன்."

ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கிப் பின்னால் ஏறினார்.