தவசி போட்ட அம்பு

குழாயை யாரும் நகர்த்திவிடக் கூடாது. படுக்கவைத்தால் அடுக்கு கலைந்துவிடும்.

அப்பா தவசியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை நினைப்பது பாண்டீஸ்வரிக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் கண் சமையலறை மூலைக்கே போனது. அங்கே ஈரச்சாக்கு சுற்றிய பிவிசி குழாய் சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளே கண்மாயின் அடிச்சேறு. எந்தக் காலத்தில் மழை பெய்தது, எப்போது வறண்டது என்று அடுக்கடுக்காக அவள் படிக்கவேண்டிய சேறு. நேற்று மாலை அப்பாவும் அவளும் சேர்ந்து, குழாயைச் சம்மட்டியால் சேற்றில் அடித்து இறக்கி எடுத்தது. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், ஆட்டோ வருவதற்குள் அடங்கிவிட்டார்.

"வடக்க தலை வச்சிருக்கானுக பாரு! ஏலே விருமாண்டி, பெட்டியத் திருப்புங்கடா." அத்தை சோணையம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுக் கத்தினாள்.

"வயரு எட்டல சின்னம்மா."

"வயரு எட்டலன்னு எங்கண்ணன் வடக்க தலை வச்சுப் படுக்கணுமாக்கும்? ஒத்தக்கடையில வயருக்கா பஞ்சம்? வாங்கிட்டு வா."

நாலு பேர் ஐஸ் பெட்டியைத் தூக்கித் திருப்பினார்கள். அத்தை மறுபடி அழத் தொடங்கினாள். நடுவில், "எழுவது வயசு மனுசன இடுப்புத் தண்ணியில நிக்கவச்சு சம்மட்டி அடிக்கச் சொன்னா..." என்றாள்.

கூலிக்கு ஆள் வைக்கிறேன் என்றுதான் பாண்டீஸ்வரி சொன்னாள். "ஏன், எங் கைக்கு என்ன கேடு?" என்று சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டவர் அவர்தான். இதை இப்போது யாரிடம் சொல்வது?

பதினோரு மணிக்கு, அவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ரம்யாஸ்ரீ வந்தாள். மாலை போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, குழாய நான் லேபுக்கு எடுத்துட்டுப் போயிரட்டுமா? இந்த வெயில்ல காஞ்சிரும்" என்றாள்.

இருவரும் சமையலறைக்குப் போனார்கள். சாக்கை விலக்கிய ரம்யாஸ்ரீ திகைத்தாள்.

"அம்பு கீழ பாக்குதேக்கா. யாரும் தலைகீழா வச்சுட்டாங்களா?"

"இல்ல. சரியாத்தான் நிக்குது. அம்பு அப்பா போட்டது."

கரையேறியதும் மார்க்கரை அவரிடம்தான் கொடுத்தாள். அவர் அடிநுனியைப் பார்த்து அம்பு போட்டார். அம்பு மேல் பக்கத்தைக் காட்டவேண்டும் என்று அவள் சொன்னதற்கு, "அடியில கிடக்குறதுதான மூத்தது? மூத்தத விட்டுட்டு நேத்து வந்த வண்டலுக்கா முதல் விபூதி?" என்றார். இருவரும் சேற்றோடு நின்று சிரித்தார்கள். காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

"லேபுல அம்ப நம்பி அறுத்துட்டா அம்புட்டு வருசமும் தலைகீழாயிரும்க்கா." ரம்யாஸ்ரீ சானிட்டைசரில் கைக்குட்டையை நனைத்து நீட்டினாள். "அழிச்சுட்டு நீங்களே சரியாப் போட்டுருங்க."

"ஏத்தா பாண்டி, நீர்மாலைக்கு நேரமாச்சு. அப்பனக் குளிப்பாட்டத் தண்ணி எடுக்க வேணாமா?" அத்தை கூப்பிட்டாள்.

"இந்தா வாரேன்."

பாண்டீஸ்வரி மார்க்கரை மட்டும் எடுத்தாள். மேல்மூடிக்குப் பக்கத்தில் 'இது மேல்' என்று பெரிதாக எழுதினாள். கீழே, அம்பின் நுனியில், அப்பாவின் கட்டைவிரல் பட்ட சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"அப்ப இந்த அம்ப நான் அழிச்சிரவா?"

"வேணாம். அது இருக்கட்டும்."

சாக்கை நனைத்துப் பிழிந்து, அம்பின் மேல் இழுத்துச் சுற்றினாள்.