ஐந்தாவது குதிரின் கூரை

மகள் லரிசாவிடம் செப்டம்பரில் தொலைபேசியில் ஒரு பந்தயம் கட்டினேன்.

"அஞ்சு குதிர் கூரைக்கும் நானே பெயின்ட் அடிச்சு முடிச்சிட்டா, இந்தக் குளிர்காலம் நான் இங்கயேதான். முடிக்கலன்னா உன்கூட எட்மன்டனுக்கு வந்துடறேன்."

"எழுபத்தொரு வயசுல எதுக்குப்பா இந்த வீம்பு? சரி, அக்டோபர் மூணாவது ஞாயித்துக்கிழமை வருவேன். வந்து பாத்துட்டுப் பேசுவோம்."

கனடாவின் சஸ்காச்சுவானில் எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் கோதுமை சேர்த்துவைக்கும் குதிர் என்றால் இரும்புத் தகட்டு உருளை, அதன்மேல் கூம்பு வடிவத்தில் கூரை. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. துரு பிடித்தது கூரைகளில்தான்.

எத்தனை டப்பா வேண்டும் என்று சமையலறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இங்கே எல்லார் வீட்டுச் சமையலறையிலும் ஒரு படம் தொங்கும்: குட்டி விமானத்தில் பறந்து வந்து, நம் பண்ணையை மேலிருந்து பிடித்து, பிறகு வாசலுக்கு வந்து நம்மிடமே விற்றுவிட்டுப் போன படம். எங்கள் படத்தில் ஐந்து கூரைகளும் ஐந்து வட்டங்கள். விட்டம் பதினெட்டு அடி, ஆரம் ஒன்பது. ஒன்பதை ஒன்பதால் பெருக்கி, அதை வட்டக் கணக்குக்கு வரும் பை, அதாவது 3.14-ஆல் பெருக்கினால் இருநூற்று ஐம்பத்து நான்கு சதுர அடி. ஐந்துக்கும் ஆயிரத்து இருநூற்று எழுபது. ஒரு டப்பா முந்நூற்று இருபது சதுர அடிக்கு வரும். ஆக, நான்கு டப்பா.

என் மனைவி நெட்டி இருந்தவரை, நான் போடும் கணக்கைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வாள். அவளுக்குக் கணக்கில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் அவள் வாயால் கேட்கும்போது தப்பு எனக்கே தட்டுப்படும். இந்த முறை கணக்கு என் தலையைவிட்டு வெளியே வரவேயில்லை.

ஊர்ப் பெயின்ட் கடையில் கடைக்காரி டோரீன் டப்பாக்களை மேசைமேல் வைத்தாள்.

"நாலு போதுமாண்ணே? எதுக்கும் இன்னொன்னு எடுத்துக்கோ."

"அளந்து வாங்கறவன் நான். உன் புருஷன் மாதிரி அரை டப்பாவைக் கொட்டகையில காயவிடறவன் இல்ல."

"அவரு காயவிட்டது பெயின்ட் மட்டுமா!" என்று சிரித்தாள்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, காற்று அடங்கிய நாட்களாகப் பார்த்து ஏறினேன். பதினோராம் நாள், சனிக்கிழமை மதியம், நான்கு கூரைகள் முடிந்து ஐந்தாவதில் மூன்றில் ஒரு பங்கு ஆகியிருந்தது. டப்பா காலி. சாலையைப் பார்த்த பக்கம் துருவோடு நின்றது.

கீழே இறங்கி வந்து ஒரு காகிதத்தை வட்டமாக வெட்டினேன். அதில் ஒரு துண்டை நறுக்கி எடுத்துவிட்டு, வெட்டிய விளிம்புகளை ஒட்டினேன். கூம்பு. மேசைமேல் வைத்து அதன் அடியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். காகிதம் அப்படியே இருக்கிறது; கோட்டு வட்டம் மட்டும் அதைவிடச் சின்னது! விமானத்திலிருந்து தெரிவது அந்தக் கோட்டு வட்டம். நான் வர்ணம் அடிக்க வேண்டியதோ காகிதத்துக்கு. ஆரத்தை ஆரத்தால் பெருக்கக் கூடாது. விளிம்பிலிருந்து உச்சிவரை சாய்வாகவே நாடா பிடித்து, அந்த நீளத்தால் பெருக்க வேண்டும். ஏணியில் ஏறி அளந்தேன்: பத்து அடியும் கிட்டத்தட்ட ஐந்து அங்குலமும். ஒரு கூரைக்கு இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு சதுர அடி. ஒவ்வொன்றிலும் நாற்பது குறைத்திருக்கிறேன். ஐந்து நாற்பது இருநூறு. மேலே துருவோடு நிற்பதும் ஏறக்குறைய அந்த இருநூறுதான்!

தோற்றுப்போனதுகூட அப்போது மறந்துவிட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். டோரீன் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். திங்கட்கிழமை கடை திறக்கும் என்று இயந்திரம் சொன்னது. காகிதக் கூம்பைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு மதியம் லரிசா வந்தாள். மேல்கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஆரம்பித்தேன். வெட்டினேன், ஒட்டினேன், கோடு போட்டேன். அவளுக்காக வேகவைத்த பெரோகிக் கொழுக்கட்டை தட்டில் ஆறிப்போனது.

"சாய்வை அளக்கணும், புரியுதா? மேலேருந்து பாக்கறது நிழல் மாதிரி."

"புரியுதுப்பா. ஏணிய யார் பிடிச்சா?"

"யாரு இருக்கா பிடிக்க?"

நான் வட்டக் கணக்கிலிருந்து மறுபடி தொடங்கினேன். பாதியில் குரல் கரகரத்து, காற்று மட்டும் வந்தது. தண்ணீர் குடித்தும் சரியாகவில்லை.

"ஜலதோஷமாப்பா?"

"இல்லம்மா." யோசித்துப் பார்த்தேன். டோரீன் கடையிலிருந்து வந்த பிறகு ஒரு மனிதரோடும் பேசியிருக்கவில்லை. "பேசிப் பன்னெண்டு நாளாச்சு. அதான்."

ஜன்னல் வழியே அந்தப் பாதிக் கூரையை அவள் பார்த்தாள். "ஒரு டப்பாதானே? நாளைக்கு லீவு போட்டிருக்கேன். நான் ஏணிய பிடிக்கறேன், நீங்க முடிச்சிடுங்க. பந்தயத்துல நீங்க ஜெயிச்சதாவே வச்சுக்கலாம்."

"ஜெயிச்சதா வைக்க வேண்டாம். கூரைய முடிச்சிட்டு உன்கூட வரேன், எட்மன்டனுக்கு," என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.