பத்தாவது மாடிப் பசியாறல்

வில்லியம் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்பான். ஜுரு தொழிற்சாலையில் வேலை, வீட்டில் ஒரு மூலையும் ஒரு புத்தகமும். பேசாமல் இருப்பதில் அவனுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

குடியிருப்புக்குக் கீழே இருந்த பூப்பந்துத் திடலில் சனிக்கிழமைதோறும் உடற்பயிற்சி நடந்தது. கோயில், தேவாலயம், சூராவ் என்னும் தொழுகைக்கூடம் மூன்றும் கிளினிக்கோடு சேர்ந்து ஆரம்பித்தது. ஊரில் பெருத்துக்கொண்டே போகும் வயிறுகளைக் குறைப்பதுதான் நோக்கம். வில்லியம் ஏன் வருகிறான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மனைவி பெவர்லியின் சிறுநீரகங்கள் கைவிட்டுவிட்டன. அவனுடையது அவளுக்குப் பொருந்தும் என்றார்கள். ஆனால் மருத்துவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த எடையோடு கத்தி வைக்க முடியாது. இளைத்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

பயிற்சியில் ஒரு குறையும் இல்லை. பயிற்சி முடிந்ததும் வரும் காலைப் பசியாறலில்தான் வினை. முதல் வாரம் தேவாலயத்தார் ஆப்பம் கொண்டுவந்தார்கள். வாங்கித் தின்றுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? அடுத்த வாரம் கோயில் சார்பில் லோகேஸ்வரி அக்காவின் வடையும் சர்க்கரைப் பொங்கலும். சூராவ் தோற்குமா? சாப்பாட்டுக்கடை அப்துல் ரஹீம் கல்லையே திடலுக்குத் தூக்கிவந்து ரொட்டி சானாய் சுட்டார். நீட்டிய கையைத் தட்ட வில்லியமுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தின்றான்.

மாதக் கடைசியில் தாதி இஸ்ஸதி தராசைக் கொண்டுவந்து வைத்தாள். ஏறிய அத்தனை பேருக்கும் எடை கூடியிருந்தது.

"மிஸ்ஸி, உங்க தராசு ரோசாக்லா, கெட்டுப்போச்சு! தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க!" என்றார் அப்துல் ரஹீம். திடலே சிரித்தது.

லோகேஸ்வரி அக்கா வில்லியமின் தட்டில் வடையை வைத்தார். "நீங்க சாப்பிடுங்க தம்பி. நம்ம கையால சாப்பிட்டா ஒடம்புல ஒட்டாது."

"வேணாம்க்கா."

"ஏன்? ரஹீம் அண்ணன் ரொட்டி மட்டும் எறங்குது, என் வடை எறங்காதா?"

வில்லியம் தட்டைப் பசியாறல் மேசையில் வைத்தான்.

"என் கிட்னி ஒன்ன பெவர்லிக்குக் கொடுக்கணும்க்கா. நான் இளைச்சாத்தான் எடுப்பாங்களாம்."

அப்துல் ரஹீம் அடுப்பை அணைத்தார். கொடுத்ததைத் திரும்ப எடுத்துப் பழக்கமில்லாத லோகேஸ்வரி அக்கா, அவன் தட்டிலிருந்த வடையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மேசையையே காணவில்லை. ஊர்க் கொண்டாட்டத்தைக் கெடுத்துவிட்டோமே என்று வில்லியம் கூசிப்போனான். பயிற்சி முடிந்து நழுவப் பார்த்தவனை அப்துல் ரஹீம் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஓடுறீங்க? பசியாறல?"

"மேசை இல்லியேண்ணே."

"இருக்கு. ஒங்க மாடியில. நடங்க, படியில."

பத்து மாடி. மூச்சு வாங்க, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார்கள். அவன் வீட்டு வாசலில் மேசை. அதில் சீனி போடாத தேத்தண்ணீரும் அவித்த முட்டையும். சத்தம் கேட்டு இரும்புக் கதவைத் திறந்த பெவர்லி திகைத்துப் போனாள்.

"என்னண்ணே இது, லிஃப்ட் ரோசாக்கா?"

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ரோசாக் ஆனது நாங்கதான்."

பெவர்லி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று வில்லியம் நினைத்துக்கொண்டான்.

மழைக்காலம் முழுக்க ஏறினார்கள். வில்லியமின் இடுப்புவார் ஓட்டை ஓட்டையாக உள்ளே போனது. ஒரு சனிக்கிழமை, எப்போதும் கடைசியில் ஏறுபவன் முதல் ஆளாக மேலே போய் நின்றான். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த நன்றி வார்த்தைகள் அவர்களைக் கண்டதும் மறந்துபோயின.

"ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிட்டாங்க" என்றான். அவ்வளவுதான் வந்தது.

லோகேஸ்வரி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்துல் ரஹீம் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியபடி கேட்டார்:

"ஆஸ்பத்திரில ஒங்களுக்கு எத்தனாவது மாடி?"