டிரைவிங் டீச்சரின் வழித்தடம்

மோட்டார் வாகன வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி ஒன்று இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது: அடுத்த மாதம் முதல் தேதி தொடங்கி, நமது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி தனது பழைய, நெரிசல் மிக்க, நகருக்குள் உழலும் வழித்தடத்தைத் துறந்து, எதிர்காலத்தை நோக்கி விரிந்து கிடக்கும் புறவழிச் சாலையில் தன் சக்கரங்களைப் பதிக்கிறது.

அறிவித்தவர் பள்ளியின் முதல்வர். பள்ளி என்றால் ஓர் அறை, போக்குவரத்துச் சின்னங்கள் அச்சடித்த ஒரு படம், இரண்டு கார்கள். அதில் ஒன்று எந்நேரமும் மெக்கானிக்கிடம் இருக்கும். ஆசிரியர் குழு என்றால் முதல்வரின் மனைவி. அறிவிப்பைக் கேட்கக் கூடியிருந்த மாபெரும் சபையும் அவள்தான். கையில் டீ டம்ளரோடு நின்றிருந்தாள்.

“எப்படி?” என்றார் முதல்வர்.

“இப்ப போற ரோட்டுக்கு என்ன குறைச்சல்?”

“அதுல ஒரு பார்வை இல்லம்மா. தொலைநோக்கு!”

“பார்வை இல்லாமதான் இத்தனை பேருக்கு லைசென்ஸ் கிடைச்சுதா?”

முதல்வர் இதையெல்லாம் காதில் வாங்குகிறவர் அல்லர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் சங்கத் தலைவரே வந்து ரிப்பன் வெட்டப்போகிறார், பின் சீட்டில் உட்கார்ந்து முதல் பயணத்திலும் கலந்துகொள்ளப்போகிறார் என்று அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

டீச்சரின் வயிற்றில் புளியைக் கரைத்தது. கதை எழுதுகிறவர்கள் இப்படிச் சும்மா எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் வயிற்றில் பல வருஷமாக நிஜமாகவே கரைத்துக்கொண்டிருந்தது. பெருங்குடலில் புண். சில மாதம் சாதுவாக இருக்கும். சில மாதம் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். ஏறிவிட்டால் முன்னறிவிப்பு, முகூர்த்தம் எதுவும் கிடையாது. அந்த நொடியே போயாக வேண்டும்.

ஆகவே, முதல்வர் நெரிசல் மிக்கது என்று பழித்த வழித்தடம் உண்மையில் அவள் இழைத்து இழைத்து உருவாக்கியது. பெட்ரோல் பங்க், அங்கிருந்து நூலகம், பிறகு பெரிய ஆஸ்பத்திரி, கடைசியில் கண்ணாடிக் கட்டடத் துணிக்கடை. நான்கிலும் சுத்தமான கழிப்பறை உண்டு. அவற்றின் வாசலுக்கு வரும்போதெல்லாம், “ஓரமா நிறுத்திப் பழகுங்க. நான் வர்ற வரைக்கும் கண்ணாடியப் பாத்துக்கிட்டே இருங்க” என்பாள். இதனால் அந்தப் பள்ளி மாணவர்களுக்கு வண்டியை நிறுத்துவது மட்டும் தண்ணீர் பட்ட பாடு. முதல்வர் ‘நிறுத்துவதில் நிகரற்றவர்கள்’ என்று போர்டிலேயே எழுதி வைத்திருந்தார். காரணம் தன் நிர்வாகத் திறமை என்று நம்பினார்.

புறவழிச் சாலையில் பங்க் கிடையாது, கடை கிடையாது, ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. இரண்டு பக்கமும் கம்பி வேலி, நடுவே தொலைநோக்கு.

‘புருஷனிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது’ என்று வாசகர்கள் சொல்லக்கூடும். சொல்லிப் பார்த்தவள்தான் அவள். நோய் வந்த புதிதில் சொன்னாள். அவரும் கண் கலங்கித்தான் போனார். கலங்கின கண்ணோடு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய், “என் துணைவியாரின் பெருங்குடல் நலம்பெற அனைவரும் ஒரு நிமிடம் எழுந்து மௌனமாக நிற்போம்” என்று மைக்கில் கேட்டுக்கொண்டார். நின்றார்கள். அதற்குப் பிறகு அவள் வயிற்றைப் பற்றி வீட்டில் வாயைத் திறந்ததில்லை. பேச்சு நின்றுவிட்டதால் நோயும் நின்றுவிட்டது என்று முதல்வர் நினைத்துக்கொண்டார்.

போன வருஷம் மாதவிடாயும் நின்றது. நின்றது சத்தமில்லாமல் நிற்கக்கூடாதோ? நெஞ்சிலிருந்து நெற்றிவரை குபீரென்று தீப் பற்றும். மழை பெய்கையில் கார் ஜன்னலை இறக்கிவிட்டு, நனைகிற மாணவரிடம், “மழையில ஓட்டவும் பழகணும்ல?” என்பாள். தூக்கம் போயிற்று. கியர் மாற்றத் தடுமாறிய ஒரு அப்பாவியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அவன் இறங்கிப் போனதும் ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள்.

ஆஸ்பத்திரியின் மேல் மாடியிலிருந்த பெண்கள் டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். தேவாமிர்தம். தீ அணைந்தது, தூக்கம் வந்தது, தலையணைக்கும் அவளுக்கும் இருந்த பகை தீர்ந்தது. ஆனால் கொஞ்ச நாளில் வயிற்று வேதாளம் மறுபடி மரம் ஏறிக்கொண்டது. கீழ் மாடிக் குடல் டாக்டரிடம் போனாள். “ஹார்மோன் என் டிபார்ட்மென்ட் இல்லம்மா, மேல கேளுங்க” என்றார். மேலே போனாள். “வயிறு அவரோட ஏரியா, கீழ கேளுங்க” என்றார். நாற்சந்தியில் இரண்டு கார்கள் எதிரெதிரே நின்று, ‘நீங்க போங்க’, ‘இல்ல, நீங்க போங்க’ என்று கையை ஆட்டி, இரண்டுமே போகாமல் நின்றால் பின்னால் நிற்கிறவன் கதி என்ன? அந்தப் பின்னால் நிற்கிறவள்தான் இவள்.

புறவழிச் சாலை அறிவிப்பு வந்த அன்று அவளே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டாள்: இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும், தூக்கம் போனால் போகட்டும், வேலை மிஞ்சட்டும். வண்டி ஓட்டச் சொல்லித்தருகிற அந்தச் சீட் மட்டும்தான் இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்த சிம்மாசனம். ஹார்மோன் மாத்திரையை யாரையும் கேட்காமல் நிறுத்தினாள். தீ சொல்லி வைத்தாற்போல் திரும்பி வந்தது. வேதாளமோ மரத்தை விட்டு இம்மியும் இறங்கவில்லை.

முதல் தேதியும் வந்தது. சங்கத் தலைவர் ரிப்பன் வெட்டினார். கத்தரி மழுங்கலாக இருந்ததால் கடைசியில் கையால் பிய்த்தார். ஓட்டியவள் தையற்கடைக்காரி. அடுத்த வாரம் அவளுக்கு லைசென்ஸ் தேர்வு. பக்கத்தில் டீச்சர். பின் சீட்டில் முதல்வரும் தலைவரும்.

“சாலை என்பது வெறும் தார் அல்ல,” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“அருமை!” என்றார் முதல்வர்.

“அது ஒரு சமுதாயத்தின்...”

சமுதாயத்தின் எது என்று டீச்சர் கேட்கவில்லை. கழுத்தில் தீ ஏறி வியர்வை முதுகில் வழிந்தது. அதே சமயம் அடிவயிற்றை யாரோ ஈரத்துணிபோல் முறுக்கினார்கள். பல்லைக் கடித்து, கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்து, வேலிக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாக் கம்பமும் ஒன்றுபோலவே இருந்தது.

தையற்கடைக்காரி ஓரக்கண்ணால் பார்த்தாள். கிளட்ச், கண்ணாடி, கிளட்ச் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வருகிற டீச்சர் வாயே திறக்கவில்லை.

“டீச்சர், பங்க்கா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

டீச்சர் திடுக்கிட்டாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.

சாலையின் நடுத்தடுப்பில் அடுத்து வந்த இடைவெளியில் தையற்கடைக்காரி சிக்னல் போட்டு, வண்டியைத் திருப்பி, ஊரைப் பார்த்து விட்டாள் ஒரு விடு.

“ஏம்மா! வழி மாறுது! எதிர்காலம் அந்தப் பக்கம்!” என்று முதல்வர் கத்தினார்.

“வந்துடுவோம் சார். எதிர்காலம் எங்கயும் போயிடாது.”

பெட்ரோல் பங்க்கில், கழிப்பறைக்கு நேர் எதிரே, ஓரக்கல்லை உரசாமல், நூல் பிடித்தாற்போல் வண்டி நின்றது. டீச்சர் இறங்கி ஓடினாள்.

“இங்க எதுக்கு நிறுத்தின?” முதல்வரின் குரலில் இன்னும் ரிப்பன் வாசனை இருந்தது.

தையற்கடைக்காரி அவரை வினோதமாகப் பார்த்தாள். “டீச்சருக்கு வயிறு படுத்தினா நிறுத்துற இடம் சார் இது. தெரியாதா?”

“யாருக்குத் தெரியும்?”

“இங்க படிச்ச எல்லாருக்கும். புதுசா யாராவது சேந்தா பழைய ஆளுங்க சொல்லிடுவோம். டீச்சர் பேச்ச நிறுத்தினா வண்டிய நிறுத்து, நூலகம் லீவுன்னா நேரா துணிக்கடைன்னு. ஆனா டீச்சர்கிட்ட யாரும் காட்டிக்க மாட்டோம். போன தடவ கூட டெஸ்ட்ல ஒருத்தர், அதிகாரி கொஞ்ச நேரம் பேசாம வந்தாருன்னு, பங்க்ல கொண்டு போய் நிறுத்தி, ‘பதறாமப் போயிட்டு வாங்க சார், நான் கண்ணாடியப் பாத்துக்கறேன்’னு சொல்லிட்டாரு. ஃபெயில் போட்டுட்டாங்க.”

தலைவர் இருமினார். முதல்வர் இறங்கி, காரின் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கழிப்பறை வாசலில் நின்றார். அவரை அந்த நிலையில் ஊர் பார்த்ததில்லை: கையில் மைக் இல்லை, பாட்டில் இருந்தது.

அவள் வெளுத்துப்போய் வெளியே வந்தாள்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா சங்கத்துல எழுந்து நிக்க வைப்பீங்க.”

அவர் காரில் இருந்த தலைவரைத் திரும்பிப் பார்த்தார்.

“மாத்திரைய வேற நிறுத்திட்டேங்க,” என்று அவளே எல்லாவற்றையும் சொன்னாள். தீயை, தூக்கத்தை, மேல் மாடியை, கீழ் மாடியை.

“தூங்காம ஜன்னல் பக்கமாப் போய் நிப்பியே, அது இதனாலயா?”

“ஆமா.”

“எம்மேல கோவத்துல நிக்கறேன்னு நெனச்சேன்.”

“அதுவுந்தான்.”

பாட்டிலின் மூடியைத் திறக்க அவர் கொஞ்சம் சிரமப்பட்டார். திறந்து அவளிடம் கொடுத்தார்.

மறுநாள் இருவருமாகக் கீழ் மாடிக்குப் போனார்கள். குடல் டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மதிப்புக்குரிய மருத்துவர் அவர்களே, இந்தப் பொன்னான வேளையில்...” என்று எடுத்தார். பழக்கதோஷத்தில் டீச்சரின் கால் அவர் காலை அழுத்தி மிதித்தது. ஆசிரியர் சீட்டுக்கும் ஒரு பிரேக் உள்ள வண்டியில் வருஷக்கணக்காக உட்கார்ந்த கால். முதல்வர் அப்படியே நின்றுபோனார்.

“டாக்டர், இங்க கேட்டா அங்க போங்கறீங்க, அங்க கேட்டா இங்க போங்கறாங்க,” என்றாள் அவள். “நடுவுல மாடிப்படிக்கு மட்டும்தான் என் வியாதி முழுசாத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் எனக்காக ஒரு தடவ பேசுங்க. அதுவரைக்கும் இந்த நாற்காலிய விட்டு நான் எழுந்திரிக்கறதா இல்ல. வயிறு எழுப்பினாத்தான் உண்டு.”

டாக்டர் அவளைப் பார்த்தார். வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். போனை எடுத்தார். மேல் மாடி இறங்கி வந்தது. பல வருஷமாக ஒரே கேண்டீனில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் சாப்பிட்ட இரண்டு பேர், ஒரே உடம்பைப் பற்றி முதல்முறையாகப் பேசிக்கொண்டார்கள். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், புண்ணே தானாகவும் சீறியிருக்கலாம். எதுவானாலும் இந்தக் குடலுக்கு ஹார்மோன் மாத்திரையைவிட ஒட்டுதான் மேல் என்று முடிவாயிற்று. தோலில் ஒட்டிக்கொள்கிற பேட்ச். அந்த மருந்து வயிற்றுக்குள் போகாது. கர்ப்பப்பைக்குப் பாதுகாப்பாகப் படுக்கும்முன் ஒரு மாத்திரை மட்டும். குடல் மருந்தின் அளவும் கூட்டப்பட்டது.

“இனிமே எங்கள கேக்காம நீங்களா எதையும் நிறுத்தக்கூடாது,” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“நிறுத்துறதுதான் சார் எங்க தொழிலே,” என்று முதல்வர் முணுமுணுத்தார். மறுபடி மிதி வாங்கினார்.

புறவழிச் சாலைத் திட்டம், ‘பாரம்பரியத்தின் பெருமையை முன்னிட்டு’ கைவிடப்பட்டது. முதல்வருக்குப் புதிய பொறுப்பு ஒன்று வந்தது. அதை அவர் யாருக்கும் அறிவிக்கவில்லை. காலையில் கிளம்பி வழித்தடத்தின் கழிப்பறைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, “துணிக்கடையில தாழ்ப்பாள் சரியில்ல, நூலகத்துல குழாய்ல தண்ணி நல்லா வருது” என்று அவளிடம் மட்டும் சொல்வார். பங்க்கில் சோப்பு வைக்கச் சொல்லிச் சண்டை போட்டு, வைத்தும் காட்டினார்.

பேட்சை ஒட்டிவிடுவதும் அவர்தான். இடுப்புக்குக் கீழே, எலாஸ்டிக் உரசாத இடமாகப் பார்க்க வேண்டும். பழைய இடத்திலேயே ஒட்டக்கூடாது. பெட்டியில் இருந்த குறிப்புத்தாளை ஒவ்வொரு தடவையும் பதவிப்பிரமாணம் போல உரக்கப் படிப்பார். ஒட்டிய பிறகு உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. தாள் சொன்னதைவிட அதிக நேரம் பிடிப்பார்.

“ஒட்டிக்கிச்சுங்க. விடுங்க.”

“இரும்மா. ஓரம் எழும்பிடப்போகுது.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சில வாரங்களில் தீ அடங்கியது. தூக்கம் திரும்பியது. தையற்கடைக்காரி பாஸாகிவிட்டாள். எல்லாரும் டீச்சருக்கு உடம்பு குணமாகிவிட்டது என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்.

குடல் புண் அப்படியேதான் இருக்கிறது. அது குணமாகிற வியாதி இல்லை.