ஈயத் தடுப்புக்கு அப்பால் ஷில்பா

1.
இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. மந்தைவெளியில் எங்கள் மாடியில் குடியிருக்கும் மர்சலின், மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி சொன்னது. அவள் மகள் ஷில்பாவுக்கு ஆறு வயது. வயிற்றில் புற்றுக்கட்டி, கீமோவுக்கு மசியவில்லை. கதிரியக்க மருந்தை ரத்தத்தில் ஏற்றினார்கள். அது புற்றணுக்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, அங்கேயே சுடும். சில நாட்கள் குழந்தையின் உடம்பிலிருந்தே கதிர் வீசும். அதனால் அடையாறில் ஒரு மருத்துவமனையில் தனி அறை. கட்டிலை ஒட்டி ஈயத் தடுப்பு. அம்மா தடுப்புக்கு இந்தப் பக்கம்.

2.
கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: 'தாயின் கண்ணீர் ஈயத்தையும் கரைத்து...'

[அடித்துவிட்டேன். மர்சலின் கணக்கு டீச்சர். சிரிப்பாள்.]

இரண்டாவது: ஷில்பா வாந்தி எடுத்தாள்.

3.
தடுப்பைத் தாண்டிப் போக அன்றைக்கு அனுமதித்த நேரத்தை, போர்வையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதிலேயே மர்சலின் தீர்த்திருந்தாள். இருந்தாலும் துண்டோடு எழுந்தாள். ஷில்பா கையை நீட்டினாள்.

"ம்மா, அங்கயே நில்லு."

"வாயைத் துடைச்சிட்டு வந்துடறேண்டி."

"நானே துடைச்சிக்கறேன். சிஸ்டரைக் கூப்பிடு. அவங்க இன்னா சொன்னாங்க? நீ கிளாஸ்ல மட்டும்தான் ரூல்ஸ் பேசுவ."

"பெரிய மனுஷி."

"ஆமா. கிட்ட வந்தா சுட்டுடுவேன்."

மர்சலின் பெல்லை அழுத்திவிட்டு உட்கார்ந்தாள். முதலில் கோபம்தான் வந்ததாம், பெற்றவளையே நிற்கச் சொல்கிறாளே என்று. அதே இடத்தில் பெருமையும் வந்ததாம். எது எங்கே முடிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

4.
ஆறு வயதுக் குழந்தை இப்படிப் பேசுமா? எனக்குச் சந்தேகம். ஷில்பாவை அழவைத்து ஒருமுறை எழுதி, மர்சலினிடம் படித்துக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது.

"ஊசி குத்தறப்பல்லாம் அழுதா, அக்கா. அப்போ அழல. அதை அவகிட்டேர்ந்து எடுத்துடாதீங்க."

எடுக்கவில்லை. முடிவுதான் பாக்கி.

முடிவு ஒன்று: ஸ்கேனில் கட்டி சுருங்கி, ஷில்பா பள்ளிக்கு...

முடிவு இரண்டு: ஸ்கேனில்...

[இல்லை.]

"நல்லபடியா வந்தா அதையும் எழுதுங்க" என்றாள் மர்சலின். அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "வரலைன்னாலும், அவ என்னை நிறுத்தினது நிறுத்தினதுதானே?"

5.
(ஸ்கேன் வியாழக்கிழமை. அதற்குமேல் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன். மீதியை நீங்கள் எழுதலாம். மர்சலினிடம் படித்துக் காட்டவேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.)