அரை கிராமுக்குக் கீழே

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுத முற்பட்டமைக்கு வாசிப்போர் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பணிபுரிபவன் நான். கதை சொல்லும் தகுதி எனக்கு உண்டென்று எண்ணவில்லை. எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒன்றைக் குறித்து வேறு எவரிடம் சொல்வதென்று தெரியாமையால் எழுதுகிறேன்.

எங்கள் மகள் இளமதிக்கு ஆறு வயது. புரதத்தில் உள்ள ஒரு கூறினைச் சிதைக்க இயலாத உடலோடு பிறந்தவள். அது இரத்தத்தில் தேங்கினால் மூளையைத் தாக்கும். ஆகவே, மருத்துவர் தரும், அக்கூறு நீக்கிய மாவு நீங்கலாக, உணவின்வழி ஒரு நாளைக்கு ஆறு கிராம் புரதமே அவளுக்கு அனுமதி. சோற்றையும் உருளைக்கிழங்கையும் என் மனைவி ரேகா சிறு மின்தராசில் நிறுத்தே ஊட்டுவாள். குழந்தை பசியோடு உறங்கிய நாள்கள் உண்டு.

ரேகாவின் தம்பி இளவரசு கடலூரில் ஒரு தின்பண்ட நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். ஒரு ஞாயிறன்று, ஏற்றுமதிக்கெனத் தயாரித்த சவ்வரிசி வறுவலை ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்தார்.

"அக்கா, இத பாரு. புரோட்டீன் ஜீரோ. புள்ள வயிறு நெறைய திங்கட்டும்."

"அரிசி மாவும் சேத்துருக்குன்னு போட்ருக்கேடா. அது எப்படி ஜீரோவாவும்?"

"லேப்புல பாத்துத்தான் அச்சடிப்பாங்க. உன் தராச விட அவுங்க மிஷினு மட்டமா? பாருங்க மாமா, தின்ன ஒரு பொட்டலம் குடுத்தாக்கூட அக்கா பரிட்சை வெக்கிது!"

ரேகா சிரித்துவிட்டாள். அச்சு தெளிவாகவே இருந்தது.

"நிறுக்காமயாம்மா?" என்று இளமதி கேட்டாள்.

"நிறுக்காமத்தான்டி. வேணுங்கிற மட்டும் தின்னு."

அன்று முதல் நாளொரு பொட்டலம். வீடெங்கும் அந்த நொறுங்கும் ஓசை. அதைக் கேட்கக் கேட்க எங்களுக்கு வயிறு நிறைந்தது.

சில மாதங்களில் குழந்தையின் கைகள் நடுங்கத் தொடங்கின. கூடத்தின் நடுவே வந்து எதற்காக வந்தோமென்று அறியாதவள்போல் நிற்பாள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டாள். இரத்தப் பரிசோதனையில் அந்தக் கூறின் அளவு வரம்பைப் பலமடங்கு கடந்திருந்தது. புதிதாக என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் வினவினார்.

"எதுவும் கூட்டல சார். கூட்டுனதெல்லாம் ஜீரோதான்" என்றாள் ரேகா.

மறுநாள் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நான் கடலூர் சென்றேன். நிறுவனத்தின் தரப் பிரிவிலிருந்த பிரிசில்லா என்னும் அம்மையார் என்னை அமரச் செய்து பொறுமையாக விளக்கினார்.

"சார், இது தப்பான லேபிள் இல்ல. 'ஒரு வேளைக்கு'ன்னு போட்டிருக்கு பாருங்க, பத்து கிராம். அதுல புரோட்டீன் 0.46. நாங்க அனுப்புற ஊர்ல அரை கிராமுக்குக் கீழ இருந்தா ஜீரோன்னு போட்டுக்கலாம்."

"ஒரு பொட்டலத்தில் எத்தனை வேளைங்க அம்மா?"

"பத்து."

"அப்படின்னா நாலரை கிராமுக்கு மேல வருதுங்களே."

"பத்து ஜீரோவையும் ஒரே ஆளு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பின்பு தாழ்ந்த குரலில், "அரிசி மாவும் ஒரு தடவ வர்ற லாட்டு மாதிரி அடுத்த தடவ வர்றது இருக்காது சார். கொஞ்சம் ஏற எறங்க இருந்தா அதையும் விட்டுருவாங்க. பாப்பா இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

நன்றி கூறி வணங்கிவிட்டு வெளியே வந்தேன். கோபம் கொள்வதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

எஞ்சிய பொட்டலங்களை அன்றே எரித்தோம். ஆயினும் நண்பகலில், இளமதி எங்கள் கண்ணெதிரே பாயில் உறங்கிக்கொண்டிருக்கையில், அடுக்களையிலிருந்து அந்த ஓசை வரும். நானும் ரேகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். எழுந்து சென்று பார்த்தால் எவருமில்லை.

தராசில் இப்போது எந்நேரமும் ஒரு கரண்டி கிடக்கிறது. எடை போடும்போது கரண்டியின் எடையைக் கழித்துக்கொள்கிறாள் ரேகா. ஏனென்று கேட்டேன்.

"வெறுமனே வெச்சா ஜீரோ காட்டுதுங்க. அதுக்குள்ள என்ன இருக்கோ, யாரு கண்டா?"

சோறு ஊட்ட மகளை அழைக்கையில் அவள் இருமுறை அழைக்கிறாள். முதலில் எதிரே அமர்ந்திருப்பவளை. பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, சற்றே மெதுவாக.

"அங்க இருக்கவதாங்க திரும்பிப் பாக்குறா" என்கிறாள்.

மறுக்க எனக்குத் துணிவில்லை.

இரத்தத்தின் அளவு மீண்டும் வரம்புக்குள் வந்துவிட்டது. கைநடுக்கமும் நின்றது. சில திரும்பும், சில திரும்பாமலும் போகலாம் என்கிறார் மருத்துவர். இன்றுவரை திரும்பாதவை: பேருந்துகளின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தல். இருபதுக்கு மேல் எண்ணுதல். செருப்பை இடம் வலம் பார்த்து அணிதல். பக்கத்து வீட்டுச் சிறுமி கலைமணியின் நட்பு. தாய்மாமனின் வருகை. தன்னை "நான்" என்று சொல்லிக்கொள்ளுதல்.