மூன்று பூட்டு வீடு

எங்கள் தாமான் குடியிருப்புக்கு வெள்ளம் வருமா வராதா என்பதைக் கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கையை வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. அய்யாவு அண்ணனின் மாடுகளை வைத்துத்தான் முடிவு செய்வோம். கிள்ளான் ஆற்றோரம், செம்பனை மரங்களுக்கு அடியில் பதினோரு மாடு வைத்திருக்கிறார். அவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேம்பாலத்தை நோக்கி நடந்தால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். மாடுகளுக்குப் பின்னால் எங்கள் கார்கள் வரிசையாக ஊர்ந்து போகும். போன வெள்ளத்தில் கார்களைப் பறிகொடுத்த பிறகு வந்த பழக்கம் இது. முதலில் கார், அப்புறம் மற்றதெல்லாம். மற்றதெல்லாம் என்பதில் மனைவியும் சேர்த்தியா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

நவம்பர் கடைசியில் இரண்டு நாள் விடாமல் மழை. அன்று மதியம் இரண்டு மணிக்கு மாடுகள் போயின. கடல் பெருக்கு ஐந்தரைக்கு. கடல் ஏறினால் ஆற்றுத் தண்ணீருக்குப் போக இடமில்லாமல் எங்கள் பக்கம் திரும்பிவிடும். அதாவது, என்ன செய்வதாக இருந்தாலும் எங்களுக்கு மூன்றரை மணி நேரம்தான்.

நான் மேல் சன்னலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வரிசையில் மாடி எடுத்த வீடு என்னுடையது ஒன்றுதான். அதனால் எல்லாம் கண்ணில் படுகிறது. நானாகத் தேடிப் போவதில்லை. பக்கத்து வீட்டு கார்த்திகேசு அண்ணன் இரண்டே காலுக்குக் காரை வெளியே எடுத்தார். நிறுத்தினார். இறங்கினார். வாசல் கிரில்லின் மேல் பூட்டு, நடுப் பூட்டு, கீழ்ப் பூட்டு, மூன்றையும் பூட்டி ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். ஏறிப் போய்விட்டார்.

மனிதர் துறைமுகக் கிடங்கில் முப்பது வருடம் சாவிக்கொத்தோடு வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு பூட்டுவதற்குக் கிடங்கு இல்லை, வீடுதான் இருந்தது. குளியலறைச் சன்னலுக்குக்கூட இரும்புக் கம்பி, பின்கதவுக் கிரில்லுக்கு எப்போதும் பூட்டு. ரொட்டி வாங்கப் போனாலும் மூன்று பூட்டு. வீட்டுக்குள் அவர் மனைவி புஷ்பவல்லி அக்கா இருந்தாலும் மூன்று பூட்டு. அவள் உள்ளேதானே இருக்கிறாள், அவளுக்கு எதற்குச் சாவி என்பார். அக்காவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. காலை மடக்க முடியாது. நான்கு கால் ஊன்றுகோலைத் தள்ளித் தள்ளித்தான் நடப்பார்.

மூன்று மணிக்கு வாசலில் கணுக்கால் தண்ணீர். அரிசி, குளிர்பெட்டிச் சாமான், சாமி படம் என்று நான் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்றரைக்கு எட்டிப் பார்த்தால் அண்ணனின் கார் நிற்கும் இடம் காலியாகவே இருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள்.

இறங்கி அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். வெளிக் கேட் சும்மா சாத்தியிருந்தது. கூடத்துச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். பின்னால் சோபா மெத்தைகள் மிதந்துகொண்டிருந்தன.

கணவரோடு பேசினாராம். வந்துகொண்டே இருக்கிறேன் என்றாராம். அரை மணி நேரமாக வந்துகொண்டே இருக்கிறார். நடுவில் கைப்பேசி கை நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது.

"ஸ்பேர் சாவி எங்கக்கா?"

"எனக்கு எங்க தெரியும்? முன்ன மிளகாய்ச் சட்டில இருந்துச்சு. உனக்குத்தான் தெரியுமே."

தெரியும். எனக்கு மட்டுமல்ல, தாமானுக்கே தெரியும். போன வருடம் மிளகாய்ச் செடித் தொட்டிக்கு அடியில் அவர் சாவியை ஒளிப்பதை மாடியிலிருந்து பார்த்துவிட்டேன். மூன்று பூட்டுப் போட்டவர் சாவியை மிளகாய்க்குக் காவல் வைத்திருக்கிறார் என்று தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதினேன். சிரிக்கத்தான் எழுதினேன். நாற்பது பேர் சிரித்தார்கள். அன்று மாலையே தொட்டி உள்ளே போய்விட்டது, என் எண்ணை அவர் தடுத்துவிட்டார். அதிலிருந்து அவருக்கும் எனக்கும் பேச்சில்லை. அக்கா மட்டும், அவர் இல்லாத நேரம் பார்த்துப் பின்சுவர் வழியாகப் பேசுவார்.

இப்போது அவரை அழைத்தேன். மணி அடிக்கவே இல்லை. தடை இன்னும் நீங்கவில்லை.

எதிர் வீட்டு டொமினிக் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்து ஓடி வந்தான். தாமானில் பாதி வீட்டுக்குக் கிரில் அடித்தவன் அவன்தான். இந்த மூன்று பூட்டுக் கிரில்லும் அவன் கைவேலை. அவன் கைப்பேசியிலிருந்து அழைத்து ஒலிபெருக்கியில் போட்டான். அண்ணன் எடுத்தார். மேம்பாலத்தின் அடியில் நெஞ்சளவு தண்ணீர், இரண்டு தடவை இறங்கி இரண்டு தடவையும் இழுப்பில் நிற்க முடியாமல் ஏறிவிட்டேன் என்றார். மூச்சு வாங்கியது.

"அங்கிள், அதை விடுங்க. ஸ்பேர் சாவி எங்க வச்சிருக்கீங்க?"

"கார் சாவியோட மாட்டியிருக்கேன்."

"ரெண்டு செட்டும் அங்கதானா?"

"வேற எங்க வைக்கச் சொல்ற? ஒளிச்சு வச்ச இடம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுலதான இருக்கு, அதக் கேளு."

டொமினிக் என்னைப் பார்க்கவில்லை. அக்காவும் பார்க்கவில்லை. அதற்கு என்னைப் பார்த்துத் திட்டியே இருக்கலாம்.

தீயணைப்புப் படையை, போம்பாவை, அழைத்தோம். படகுகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, வரிசையில் வரும், மேடான இடத்துக்குப் போங்கள் என்றார்கள். அக்கா போகக்கூடிய மேடான இடம் சாப்பாட்டு மேசைதான். மடங்காத காலோடு மேசை மேல் ஏற முடியாது. ஏறினாலும் ஐந்தரைக்குள் தண்ணீர் மேசையைத் தாண்டிவிடும். போன வெள்ளத்தின் கறை சுவரில் எங்கே இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். மின்விசிறிப் பொத்தானுக்கு மேலே.

டொமினிக் பூட்டுகளைத் தடவிப் பார்த்தான். அறுக்கும் இயந்திரம் இருந்தது, மின்சாரம் இல்லை. கைரம்பத்தால் அறுத்தால் ஒரு பூட்டுக்கே ஒரு மணி நேரம் ஆகும் என்றான். சுவரில் பதித்த இடத்தை அசைத்தான். அசையவில்லை.

"நல்லா அடிச்சுட்டேன் ஆன்டி," என்றான் என்னிடம். பெருமைப்படவும் முடியாமல், அழவும் முடியாமல் சொன்னான்.

தண்ணீர் என் இடுப்பைத் தொட்டது. கம்பிக்கு உள்ளே அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தாமானில் நான் பார்த்ததில் பெரும்பாலானவற்றைச் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றுதான். கிரில் அடித்தது சில வருடத்துக்கு முன், ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். டொமினிக்குக்கு வேலை மேல் வேலை. வாசல் கிரில்லுக்கு ஒரு நாள் முழுக்க எடுத்தான்; சுவரைத் துளைத்து நீளமான போல்ட்டு இறக்கினான். பின்கதவுக் கிரில்லுக்கு அரை மணி நேரம். துளை போடும் சத்தம் நான்கே தடவை கேட்டது. சமையலறைச் சன்னலில் நின்று பார்த்தேன். துளையில் செருகும் பிளாஸ்டிக் குப்பி, அதில் குட்டை ஆணி. மேலே சாயம் அடித்துவிட்டுப் போய்விட்டான். யாரிடமும் நான் சொல்லாததற்குக் காரணம் நல்ல குணம் அல்ல. அதே மாலை அதே அரை மணி நேரத்தில் என் பின்கதவுக் கிரில்லையும் அவன்தான் போட்டான். விஷயம் வெளியே போனால் திருடன் எந்தக் கதவுக்கு வருவான்?

"டொமினிக், பின்கதவு," என்றேன்.

"என்ன ஆன்டி?"

"நாலே ஆணி. குட்டை ஆணி. எனக்குத் தெரியும், போ."

அவன் முகம் மாறியது. திரும்பி என் வீட்டு வழியாகப் பின்சந்துக்கு ஓடினான்.

அக்காவிடம், எப்படியாவது சமையலறைக்குப் போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கச் சொன்னேன். மரக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கிரில்லைப் பெயர்த்தாலும் அது திறக்க வேண்டுமே. அவர் தலையை ஆட்டினார். சன்னல் கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார். இருட்டுக்குள் போனார்.

பின்சந்து இன்னும் பள்ளம். என் நெஞ்சுக்குக் கீழே தண்ணீர், அதில் மண்ணெண்ணெய் வாடை. டொமினிக் கிரில்லைப் பிடித்து உலுக்கினான். ஒரு விரல் அகலம் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. நெம்ப ஏதாவது வேண்டும். அந்த நேரம் சந்து முனையில் அய்யாவு அண்ணன் தெரிந்தார். மாட்டுக்குத் தீனி வைக்கும் நீலப் பீப்பாய், நெடுக்கில் பாதியாக வெட்டியது, அதைக் கயிறு கட்டிப் படகு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தார். மேம்பாலத்து ஓரத்தில் மாடு கட்ட முளை போதவில்லையாம். கொட்டகையிலிருந்து முளையும் கடப்பாரையும் எடுத்துப் போகிறாராம். மேம்பாலத்தடியில் இறங்காமல் சுற்றுக் கரை மேல், அங்கே கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்றார்.

கடப்பாரையைச் சொருகினார்கள். முதல் நெம்பில் மேல் ஆணி பிடுங்கிக்கொண்டது. குப்பியோடு வந்து தண்ணீரில் விழுந்தது. டொமினிக் அதைப் பார்க்காத மாதிரி அடுத்ததற்குப் போனான்.

உள்ளே சத்தம் இல்லை.

"அக்கா," என்று கதவைத் தட்டினேன். "அக்கா, எங்க இருக்கீங்க?"

பதில் இல்லை. இரண்டாவது ஆணி. பிறகு உள்ளே ஏதோ பெரிதாகச் சுவரில் மோதியது. குளிர்பெட்டி மிதந்து வந்து சமையலறை வாசலை அடைத்துக்கொண்டது என்று அப்புறம் சொன்னார். அந்த நேரத்தில் எங்களுக்கு எதுவும் தெரியாது. மோதல் சத்தம், அப்புறம் மூச்சு விடுகிற மாதிரி ஒரு முனகல், அப்புறம் ஒன்றுமில்லை. அய்யாவு அண்ணன் கையை நிறுத்திவிட்டார்.

"நெம்புண்ணே," என்றான் டொமினிக். "நிறுத்தாதீங்க."

மூன்றாவது ஆணி. அதோடு கிரில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே கதவில் ஏதோ உரசியது. மரம் ஊறிப்போய்த் தாழ்ப்பாள் இறுகியிருக்க வேண்டும். இழுக்கிறார், விடுகிறார், இழுக்கிறார். நான் அதை எண்ணிக்கொண்டு நின்றேன். ஏழாவது இழுப்பில் கதவு திறந்தது. கழுத்துவரை நனைந்து, ஊன்றுகோல் இல்லாமல், குளிர்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி புஷ்பவல்லி அக்கா நின்றார்.

"தள்ளினேன். மிதக்குது, சனியன், லேசா போச்சு," என்றார்.

நீட்டிய காலோடு அவரைப் பீப்பாயில் கிடத்தினோம். மாட்டுத் தீனி வாடை. என் பின்கதவு வழியாக நுழைந்து, நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பேரும் மாடிக்குத் தூக்கினார்கள். அப்போது நாலே கால்.

துண்டு கொடுத்தேன். டொமினிக் கார்த்திகேசு அண்ணனை அழைத்தான், அவர் எடுக்கவில்லை. ஐந்து மணி வாக்கில் ஏன் என்று தெரிந்தது. சுற்றுக் கரைப் பக்கமிருந்து, வீட்டு மதில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் ஓர் ஆள் வந்துகொண்டிருந்தார். வலது கை தலைக்கு மேலே. அதில் சாவிக்கொத்து.

டொமினிக் சன்னலைத் திறந்து கூப்பிடப் போனான். அக்கா கையைக் காட்டித் தடுத்தார்.

"திறக்கட்டும்," என்றார்.

மேல் பூட்டைத் திறந்தார். நடுப் பூட்டு தண்ணீருக்குள், தடவித் திறந்தார். கீழ்ப் பூட்டுக்கு முங்க வேண்டும். முங்கினார். எழுந்தார். கிரில்லை இரண்டு கையாலும் குலுக்கினார். மழைச் சத்தத்தை மீறி ஒரு பெயர் கேட்டது. நாற்பது வருடத்தில் அந்த மனிதர் மனைவியை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், நான் சாட்சி. அன்று 'புஷ்பா' என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அக்கா அசையவில்லை. துண்டை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் இரண்டாவது முறை முங்கினார். எழுந்தார். மூன்றாவது முறை முங்கினார். தண்ணீர் மேல் ஒரு செருப்பு மிதந்தது. ஆள் வரவில்லை. அய்யாவு அண்ணன் படிக்கட்டில் இறங்க ஓடினார்.

"பூட்டு கெடக்கட்டும், மேல வாங்க," என்று அக்கா சன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கத்தினார். "நான் இங்க இருக்கேன். இங்க."

தலை மேலே வந்தது. இருமினார். எங்கிருந்து குரல் வருகிறது என்று தெரியாமல் முதலில் வீட்டைத்தான் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கையில் திறந்த பூட்டு இருந்தது.

மாடிக்கு வந்து உட்கார்ந்து காப்பி உள்ளே போன பிறகு முதல் கேள்வி கேட்டார். "பின்பக்கம் எப்படித் தெறந்துச்சு?"

டொமினிக் என்னைப் பார்த்தான்.

"தண்ணி தள்ளிருச்சு," என்றேன்.

அக்கா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மழையைப் பார்க்கத் திரும்பினார். அண்ணன் தலையாட்டினார். தண்ணீரின் பலத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. சுவரில் புதுக் கறை, போன கறைக்கு ஒரு சாண் கீழே. இரண்டு பின்கதவுகளுக்கும் டொமினிக் நீள போல்ட்டு இறக்கிக் கொடுத்துவிட்டான், யாரும் கேட்காமலேயே. கார்த்திகேசு அண்ணன் என் எண்ணுக்குத் தடையை நீக்கிவிட்டார். காலை வணக்கப் படம் தினமும் வருகிறது.

வாசலில் இப்போது ஒரே பூட்டு. இரண்டு சாவியும் அக்காவின் தாலிக்கொடியில் தொங்குகின்றன. அண்ணன் ரொட்டி வாங்கப் போனால் அக்கா உள்ளேயிருந்து பூட்டிக்கொள்கிறார். திரும்பி வந்தால் கிரில்லுக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும். 'இந்தா' என்றால் அக்காவுக்குக் காது கேட்பதில்லை. நேற்றுத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ரொட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். நான் சன்னலில்தான் இருந்தேன். மூன்று தரம் 'இந்தா' என்றார். நாலாவது தரம் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பெயரைச் சொன்னார்.

உடனே கதவு திறந்தது.